வீட்டு வழக்கில் கேட்ட இரண்டாவது குரல்

போன மாதம், நான் முன்பு வேலை செய்த உரைபெயர்ப்புப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அரைமணி நேரம் பேச வரச் சொன்னார்கள். போனேன். பேசி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: விசாரணை அறையில் தமிழ் விளங்கிய ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், ஒரு வசனத்தை விட்டுவிட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது? மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் குறும்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். நேரமும் முடிந்துவிட்டதால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அது சரியான பதில் இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியிலேயே உறுத்தத் தொடங்கிவிட்டது. சரியான பதில் ஒரு வழக்கில் இருக்கிறது. பெயர்களை மாற்றி அதை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது திட்டம் போட்டு அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு அகதியாக வந்து, தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்துக்கொண்டு, பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள் நான். வகுப்பில் ஓரளவு நன்றாகக் கதைத்தேன் என்று யாரோ சொல்லி, அகதி விசாரணை ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். அதிலிருந்து வாடகைத் தகராறு, குடும்ப வழக்கு, பொலிஸ் வாக்குமூலம் என்று இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது.

என்னை உருவாக்கியவர் பணிமனைப் பொறுப்பாளர் மதாம் தெனீஸ். மெலிந்த உருவம், காதோரம் கத்தரித்த நரைமுடி. அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் நம்முடைய விசாரணைகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பின்வரிசையில் இருப்பார். மடியில் ஒரு சிறிய தாள், கையில் பென்சில். விசாரணை முடிந்ததும் தாளை நான்காக மடித்து நம்முடைய கையில் தந்துவிட்டுப் போவார். அதில் சில நேரம் ஒரு வரி இருக்கும், சில நேரம் வெறும் கேள்விக்குறி இருக்கும். சத்தமாக ஒருவரையும் கண்டித்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கிடைத்த முதல் தாள் இன்றும் நினைவிருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கு. குளிர்காலம் முழுக்க ஹீட்டரில் சூடு வரவில்லை, பிள்ளைக்கு நெஞ்சுச்சளி. தகப்பன் எழும்பி வீட்டுக்காரனைப் பார்த்துத் தூஷணத்தால் ஏசினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதனைக் காப்பாற்றுகிற எண்ணத்தில், 'எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது' என்ற மாதிரிப் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். மதாம் தெனீஸின் தாளில் இப்படி இருந்தது: 'அவருடைய முகம் சிவந்திருந்தது. உங்களுடைய வசனம் சிவக்கவில்லை. மிச்சத்தை எங்கே வைத்தீர்கள்?'

அதற்குப் பிறகு மிச்சம் வைக்காமல் பழகினேன். முறைகள் அதிகம் இல்லை. முதலில் சத்தியம் செய்ய வேண்டும். வழக்காளிகளில் எவரையாவது தெரிந்திருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சாட்சி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கக்கூடாது. நமக்கென்று ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் அப்போதுதான் நம்மையே மூன்றாம் ஆளாக்கி, 'உரைபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறார்' என்று தொடங்க வேண்டும். குறிப்புக் கொப்பியில் நடுவே ஒரு கோடு கிழித்து, பெயர்களையும் எண்களையும் மட்டும் எழுதுவேன். மற்றதெல்லாம் காதில் நிற்க வேண்டும்.

இனி வழக்கு.

நகரத்தின் மேற்கு ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் சிவபாதம் என்பவருக்கு ஒரு பங்களோ வீடு இருந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் கலியாணம் முடித்துப் போன பிறகு, அவருக்கும் மனைவி தவமணி அக்காவுக்கும் அது பெரிய வீடாகிவிட்டது. தரகர் வைக்காமல் தாங்களே விற்பதற்கு முற்றத்தில் பலகை நட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிர்லாந்த் என்ற பெண்ணும் கணவரும் இரண்டு பிள்ளைகளுடன் வீடு பார்க்க வந்தார்கள். ஹெயிட்டியிலிருந்து வந்து நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சிறிய அப்பார்ட்மென்டில் இருந்தவர்கள். மிர்லாந்துக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை. கணவர் பஸ் திருத்துகிறவர். வங்கிக் கடனுக்கு அனுமதி கையில் இருந்தது. தவமணி அக்கா தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். கேட்ட விலைக்கே வாங்குவதாகச் சொல்லி, அவர்கள் அன்றே எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் மிர்லாந்த் வேலையில் இருந்தபோது அவருடைய ரெலிபோனில் ஒரு குரற்செய்தி. சிவபாதம் ஆங்கிலத்தில் பேசியிருந்தார்: வீடு விற்றாகிவிட்டது, மன்னிக்கவும். ஆனால் பேசி முடித்தவர் ரெலிபோனைச் சரியாக நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் பதிவு ஓடியது. யாரோ இரண்டு பேர் விளங்காத பாஷையில் கதைக்கும் சத்தம்.

மிர்லாந்த் அதை அழிக்காமல் விட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை. இரண்டு கிழமை கழித்து அந்த வீட்டுப் பக்கம் போனபோது விற்பனைப் பலகை அப்படியே நின்றது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில், கூட வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண்ணிடம், இது உங்கள் பாஷையா என்று போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் கேட்டுவிட்டு, தெரியாது என்று சொன்னாளாம். இரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்து, தெரியும் என்று சொன்னாளாம்.

இந்த மாகாணத்தில் ஒருவர் தன் வீட்டை விற்காமல் விடலாம். விலை போதாது, மனம் மாறிவிட்டது, எதுவும் சொல்லலாம். வாங்க வருகிறவரின் நிறத்தைப் பார்த்து விற்காமல் விடத்தான் முடியாது. முறைப்பாடு பதிவாகி, விசாரிக்கப்பட்டு, மனித உரிமை வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு வர நெடுங்காலம் எடுத்தது. அங்கே சிவபாதத்துக்கு உரைபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட்டேன்: இவரைக் கோயிலில் கண்டிருக்கிறேன், உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லை என்று. இரண்டு வழக்கறிஞர்களும் மறுக்கவில்லை. நீதிபதி சத்தியம் வாங்கினார். சிவபாதம் சாட்சி சொன்னார். ஒரு சொந்தக்காரர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார், அதனால்தான் விற்றாகிவிட்டது என்று சொன்னேன், பிறகு அவர் வாங்கவில்லை. அவ்வளவுதான் அவருடைய கதை.

பிறகு பதிவைப் போட்டார்கள். அதற்கு முன்பே ஒருவர் எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்பு எல்லோருடைய கையிலும் இருந்தது. எழுதியவர் தமிழ் நன்றாகத் தெரிந்தவர், ஆனால் யாழ்ப்பாணப் பேச்சோடு பழக்கம் இல்லாதவர் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. சிவபாதம் மனைவியைப் பார்த்து 'நீ பறையாதை' என்று சொல்லியிருந்தார். நம்முடைய ஊரில் அதற்கு 'நீ கதையாதே' என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. மொழிபெயர்த்தவருக்கு அது ஒரு சாதிப் பெயராகக் காதில் விழுந்திருக்கிறது. வீடு வாங்க வந்தவர்களைச் சாதியின் பெயரால் இழித்துப் பேசியதாக எழுதிவிட்டார்.

நான் எழும்பி, உரைபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறார் என்றேன். விளக்கினேன். சிவபாதத்தின் வழக்கறிஞர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சிவபாதம் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். தன் பக்கம் ஒரு ஆள் இருக்கிறது என்ற ஆறுதல் அந்த முகத்தில் தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் அவருடைய பக்கம் இல்லை. அவர் சொல்லாத ஒன்றை அவர் தலையில் கட்டக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த வசனத்தில் 'கறுவலுகளுக்கு' என்ற சொல் வந்தது. அது வசையா என்று நீதிபதி கேட்டார். வீட்டில் கறுத்த பிள்ளையைச் செல்லமாகவும் அப்படிக் கூப்பிடுவோம், என்னுடைய தம்பியையே அம்மா அப்படித்தான் கூப்பிட்டார், தெருவில் போகிற முன்பின் தெரியாத கறுப்பின மனிதரையும் அதே சொல்லால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். எதுவென்று சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வசனத்தைக் கேட்க வேண்டும் என்றேன். அந்த வசனம் இதுதான்: "கறுவலுகளுக்குக் குடுத்திட்டு நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரன்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

அதற்குப் பிறகு பெண் குரல் ஒன்று, தூரத்தில். எழுதிய தாளில் 'தெளிவில்லை' என்று மட்டும் இருந்தது. அறையிலிருந்த ஒலிபெருக்கியில் எனக்கும் பிடிபடவில்லை. நேரமும் ஆகிவிட்டது. நாளை காலை நல்ல ஹெட்போன் வைத்து, இரண்டு வழக்கறிஞர்களுக்கும் முன்னால் உரைபெயர்ப்பாளர் அதைத் திரும்பக் கேட்கட்டும் என்று நீதிபதி சொல்லி எழும்பினார்.

அன்று பின்னேரம் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. கோயிலில் யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறார்.

"பிள்ளை, நான் தவமணி கதைக்கிறன். அவற்றை மனுசி."

வழக்கு நடக்கும்போது உங்களோடு கதைக்க எனக்கு அனுமதி இல்லை, அக்கா, வையுங்கோ என்றேன். அவர் வைக்கவில்லை. கணவர் சொன்னதை மாற்றச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவர் சொன்னதைச் சொல்லுங்கோ. அது அவற்றை பாடு. நான் சொன்னதை மட்டும் விடுங்கோ. அதிலை தெளிவில்லை எண்டு தானே கிடக்கு. அது அப்பிடியே கிடக்கட்டும். நான் சொன்னது தான் பிள்ளை அவரைக் காட்டிக் குடுக்கும்."

நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

அந்தப் புதிய பெண் கேட்ட கேள்வி அன்று எனக்கும் வந்தது. 'தெளிவில்லை' என்று நான் சொன்னால் அது பொய் என்று நிரூபிக்க யார் வரப்போகிறார்கள்? முதலில் எழுதியவரே அப்படித்தானே எழுதியிருக்கிறார். கெட்டதாக எதையும் சொல்லாத ஒரு மனைவி, தன் வாயால் புருஷன் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று கெஞ்சுகிறார். இதில் என்ன குறைந்துவிடும்? ஆனால் மிர்லாந்த் அன்று காலை சாட்சியில் சொன்னதும் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு, தான் என்ன பிழை விட்டேன் என்று பல நாள் யோசித்ததாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் சப்பாத்தோடு உள்ளே போய்விட்டார்களோ, தேத்தண்ணீரை முழுக்கக் குடிக்காமல் வைத்தது பிடிக்கவில்லையோ என்று.

காலையில் பணிமனைக்குப் போய் மதாம் தெனீஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றாமலே கேட்டார். கேட்டுவிட்டு, அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் இன்று காதில் விழுவதைச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அப்படியானால் நேற்று எப்படிச் சொல்லியிருப்பீர்களோ அப்படிச் சொல்லுங்கள்" என்றார். பிறகு என்னோடு வந்து, வழக்கறிஞர்கள் இருவருக்கும் முன்னால் நீதிபதியிடம் விஷயத்தைச் சொல்ல வைத்தார். பதிவு எவரும் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கக்கூடியது என்பதால் நான் தொடரலாம் என்று முடிவானது.

ஹெட்போனைப் போட்டேன். முதல் தரம் கோப்பை வைக்கிற சத்தம்தான் கேட்டது. இரண்டாம் தரம் குரல் வந்தது. மூன்றாம் தரமும் போட்டுக் கேட்டேன், விளங்காததால் அல்ல. எழும்பிச் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"அதுகளும் எங்களைப் போலத் தானே வந்ததுகள். எங்களுக்கும் உப்பிடித் தானே சொன்னவங்கள்."

தமிழில் அப்படியே சொன்னேன். பிறகு பிரெஞ்சில் சொன்னேன்: அவர்களும் எங்களைப் போல வந்தவர்கள்தான், எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். 'அதுகள்' என்ற சொல்லிலிருந்த இரக்கம் பிரெஞ்சில் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் மிர்லாந்த் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவமணி அக்கா பின்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டார்.

நீதிபதி சிவபாதத்தைப் பார்த்து, உங்களுக்கு எதைச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டார். வழக்கறிஞர் ஏதோ சொல்ல எழும்பினார். சிவபாதம் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார்.

பிறகு சொன்னார். வந்த முதல் வருடம், கைக்குழந்தையோடு நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு தேடிய கதை. ரெலிபோனில் வாங்கோ என்று சொன்ன வீட்டுக்காரன், வாசலில் முகத்தைக் கண்டதும் வாடகைக்குக் கொடுத்தாயிற்று என்றான். யன்னலில் வாடகை அறிவிப்புத் தொங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மூன்று தெருக்கள் நடந்தார்கள். அவர் 'நான்' என்றார், நானும் 'நான்' என்றேன். எனக்கும் இந்த நகரத்தில் அப்படி ஒரு வாசல் உண்டு. அன்று யாருடைய 'நான்' என் வாயிலிருந்து வந்தது என்று சில இடங்களில் எனக்கே தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எப்போதாவது உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று மிர்லாந்தின் பக்கத்து வழக்கறிஞர் கேட்டார். இல்லை, அவர் ஒன்றும் சொன்னதில்லை, நானே நினைத்துக்கொண்டேன் என்றார். பிறகு சொன்னார்:

"அண்டைக்கு எனக்குக் கதவைச் சாத்தினவனைப் பொல்லாதவன் எண்டு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அவனும் இப்பிடித் தான் ஆருக்கோ பயந்திருப்பான் போலை."

தீர்ப்பு பல மாதங்கள் கழித்து வந்தது. மிர்லாந்தின் பக்கம் தீர்ப்பானது. சிவபாதம் நட்டஈடு கொடுத்தார், மேன்முறையீடு செய்யவில்லை. வீட்டுப் பலகையையும் பிடுங்கிவிட்டு, விற்காமல் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

எனக்கும் சில வாசல்கள் மூடின. சொந்தச் சனத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று கோயில் மடப்பள்ளியில் ஒருவர் சொன்னது காதுக்கு வந்தது. ஒரு கலியாணத்துக்கு எங்களுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. என் கணவர் அதை எனக்குச் சொல்லாமல் மறைத்ததுதான் கூட வலித்தது. ஆனால் அதே கோயிலில் இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக வந்து, தங்களுக்கு வீடு தர மறுத்தவனைப் பற்றி எங்கே முறைப்பாடு செய்வது என்று மெதுவாகக் கேட்டார்கள். விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

தவமணி அக்காவை ஒரு வருடத்துக்கு மேல் காணவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கிட்ட வந்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னதைப் பிரெஞ்சிலை என்னெண்டு சொன்னனீங்கள்?"

ஏன் என்று கேட்டேன். மிர்லாந்தின் குடும்பம் பியர்பொன்ட்ஸிலேயே வேறொரு வீடு வாங்கியிருக்கிறது. இவர்களுடைய தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி. தவமணி அக்கா பேரப்பிள்ளையைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போகிற காலை பஸ்ஸில்தான் மிர்லாந்தும் வேலைக்குப் போகிறார். ஒரே தரிப்பிடம், ஒரே பஸ். இருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியும். ஒருவரும் கதைப்பதில்லை.

"அந்தப் பிள்ளையைக் காணேக்கை எனக்கு ஏதோ செய்யுது. இங்கிலீசும் வராது, பிரெஞ்சும் வராது. இருந்த காலம் முழுக்கத் தமிழ்ப் பெண்டுகளோடை தான் வேலை செய்தனான்."

கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். 'அவர்கள்' என்பதை 'நீங்கள்' என்று மாற்றி: வூஸோஸி, வூஸெத் வெனு கொம் நூ. நீங்களும் எங்களைப் போல வந்தவர்கள்தான். அவர் ஏழெட்டுத் தரம் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தவமணி அக்கா ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று கிழமை கழித்து தவமணி அக்கா ரெலிபோன் எடுத்தார். சொல்லிவிட்டேன் என்றார். பஸ் ஏறியதும், தைரியம் போவதற்கு முன், மிர்லாந்தின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று துண்டைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

மிர்லாந்த் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கனநேரம் என்னைப் பாத்தவ. பேந்து ஏதோ சொன்னவ. 'இல்லை, பிளாஸ்' எண்டு கேட்டுது. பிளாஸ் எண்டா இடம் தானே? இடம் இல்லை எண்டு சொல்லுறா எண்டு விளங்கிச்சுது. பரவாயில்லை, சொல்ல அவவுக்கு உரிமை இருக்கு. நான் மெட்ரோ வரைக்கும் நிண்டுகொண்டே போனனான்."

பக்கத்து இருக்கையில் யாரும் இருந்தார்களா என்று கேட்டேன். இல்லை, தன்னுடைய பையை எடுத்து மடியில் வைத்தவ என்றார். காதில் விழுந்ததை விழுந்த மாதிரியே ஒருக்கால் சொல்லுங்கோ அக்கா என்றேன். யோசித்து, துண்டு துண்டாகச் சொன்னார்: "இல்... யா... த லா பிளாஸ், மதாம்."

"அக்கா, அது எங்கடை 'இல்லை' இல்லை. பிரெஞ்சிலை 'இல் யா' எண்டா 'இருக்கு'. இடம் இருக்கு எண்டு சொல்லியிருக்கிறா. வந்து பக்கத்திலை இருக்கச் சொல்லியிருக்கிறா."

"நாப்பது நிமிஷம் நிண்டனான், பிள்ளை" என்றார். பிறகு, நாளைக்கும் அவ அதே பஸ்ஸில்தான் வருவா என்று சொல்லிவிட்டு வைத்தார்.